மட்டம் பண்ணின வண்டி

"இன்னையோட சரி. இனிமே என் வண்டி எவன் முன்னாடியும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்காது" என்று கார்லண்ட் ஹப்பர்ட் ஒரு சனிக்கிழமை காலை சபதம் செய்தார். இடம், ஓட்டிஸின் தீவனக் கடை வாசல். கையில் காபி. சாட்சிக்கு ஏழெட்டுப் பேர். இவ்வளவு பெரிய சபதத்தை வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டோமே என்பது காபி ஆறின பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மேற்கு டெக்சாஸில் எங்கள் ஊருக்கு இரண்டு சபை. ஞாயிற்றுக்கிழமை சர்ச். சனிக்கிழமை ஓட்டிஸ் கடை. சர்ச்சுக்காவது சாக்குச் சொல்லி வராமல் இருக்கலாம். ஓட்டிஸ் கடைக்கு ஒருத்தன் வரவில்லை என்றால் ஆள் போய்விட்டான் என்று வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிவிடுவார்கள். ஆண்பிள்ளைகள் எல்லாரும் பிக்கப் வண்டிகளை மூக்கு ரோட்டைப் பார்க்க வரிசையாக நிறுத்திவிட்டு, மழையைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் பேசுகிற சாக்கில் அடுத்தவன் வண்டியைக் கண்ணால் அளப்பார்கள்.

அளந்தால் கார்லண்டின் வண்டி தோற்கும். வண்டி மேல் தப்பு இல்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே பிக்கப்புக்கு முன்பக்கம் கொஞ்சம் தாழ்வாகத்தான் இருக்கும். பின்னால் பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், அப்போது வண்டி மட்டத்துக்கு வரட்டும் என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. வண்டி வாங்கின கையோடு முன்சக்கரத்து ஸ்பிரிங் ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு விரல் கனத்தில் ஓர் இரும்பு வளையத்தை வைத்து மூக்கைத் தூக்கிவிடுவார்கள். லெவலிங் கிட் என்று பெயர். வைத்த வண்டி, சம்பளம் கூடினவன் மாதிரி நிற்கும்.

"கார்லண்ட், உன் வண்டி கீழே என்னத்தடா தேடுது?" என்றார் ஓட்டிஸ். கடை முதலாளி, கார்லண்டோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

"எது?"

"அதான், மூக்கைத் தரையில வச்சுக்கிட்டு. உன் பல்செட்டு எதுவும் விழுந்துடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். போதகர் வெண்டல்கூட காபிக்குள் சிரித்தார். அங்கேதான் சபதம் பிறந்தது.

சபதம் செய்த கையோடு ஓட்டிஸ் அவரைக் கடைக்குள்ளே, குதிரைத் தீவன மூட்டைகளுக்குப் பின்னால், தள்ளிக்கொண்டு போனார்.

"இது அழகுக்காக மட்டும்னு நினைச்சியா?"

"வேற எதுக்கு?"

"மட்டம் பண்ணின வண்டிக்குப் பின்னாடி டிரெய்லர் மாட்டினா என்ன ஆகும்?"

"பின்பக்கம் அமுங்கும்."

"மூக்கு?"

"வானத்தைப் பார்க்கும்."

"ஸ்டியரிங்?"

"லேசாயிடும். ஆனா பின் ஸ்பிரிங்குக்கு முட்டா காத்துப் பை வச்சு, மெல்லமா ஓட்டினா..."

"மெல்லமாவும் இல்ல, வேகமாவும் இல்ல. இழுக்கக் கூடாது. அதான்டா விஷயம். போன வருஷம் என் படகை ஏரிக்கு இழுத்துட்டுப் போனது யாரு?"

"நான்."

"போதகர் வீட்டுப் பலகையெல்லாம்?"

"நான்தான்."

"என் மச்சினி வீடு மாத்தினப்போ?"

கார்லண்ட் ஜன்னல் வழியாக வெளியே நின்ற வண்டி வரிசையைப் பார்த்தார். எல்லா மூக்கும் நிமிர்ந்திருந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர. ஊரில் யாருக்கு எதை இழுக்க வேண்டுமென்றாலும் "மன்னிச்சுக்கப்பா, என் வண்டி மட்டம் பண்ணினது, கார்லண்டைக் கேளு" என்று சொல்லிச் சொல்லி இவர்கள் எல்லாரும் எத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கியிருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரே சேர்ந்து காப்பாற்றி வந்த இவ்வளவு பெரிய ரகசியம், இரண்டு விரல் கனத்துக்குள்.

அடுத்த நொடியே அவருக்கு டெல்பர்ட் ஞாபகம் வந்தது.

டெல்பர்ட் என்றால் கார்லண்டின் வீட்டுக்காரி வெர்னாவின் அண்ணன். கல்யாணம் ஆகாத ஆள். வடக்கே மூன்று மணி நேரப் பயணத்தில், ஏரிக்கரையில், சக்கரம் வைத்த கேம்பர் வீட்டில், கர்னல் என்ற வேட்டை நாயோடு குடியிருப்பவன். வெயில் காலத்தில் படகுத்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். இப்போது கைத்தடி. அவனுடைய பழைய வண்டியோ என்ஜின் போய்ப் படுத்துவிட்டது. குளிர்காலம் முழுக்க அண்ணனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வெர்னாவுக்கு ஆசை.

கார்லண்டுக்கு டெல்பர்ட் மேல் விரோதம் இல்லை. தூரத்தில் இருக்கிறவரைக்கும் ரொம்ப நல்ல மனிதன் என்பார். சங்கடம் பின்னறையில் இருந்தது. அந்த அறையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பெரிய டிவி, சுவரில் ஒரு மான் தலை. உலகத்தில் கார்லண்டுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். முன்னொரு நன்றி நாள் விருந்துக்கு வந்த டெல்பர்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். நாலு நாள் எழுந்திருக்கவில்லை. மீன் பிடிக்கிற நிகழ்ச்சி மட்டும் பார்த்தான். தான் பிடித்த கெளுத்தி மீன் கதையைச் சொன்னான். முதல் நாள் முழங்கை நீளம் இருந்த கெளுத்தி, அவன் கிளம்புகிற அன்றைக்குப் படகை இழுத்துக்கொண்டு போனது. அவன் சிரித்த போதெல்லாம் கர்னல் கூடச் சேர்ந்து ஊளையிட்டது.

அதிலிருந்து கார்லண்ட் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். டெல்பர்ட் வரலாம். கேம்பரோடு வர வேண்டும். கேம்பர் தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். கேம்பர் இல்லையென்றால் டெல்பர்ட் இல்லை.

"கேம்பர் படி செங்குத்தா இருக்கு கார்லண்ட். இடுப்பு உடைஞ்சவன் எப்படி ஏறுவான்?" என்று வெர்னா கேட்டாள்.

"கைப்பிடி வச்சுத் தர்றேன்."

"வாடைக்காத்து அடிச்சா உள்ள தண்ணியே உறைஞ்சுடும்."

"ஹீட்டர் வாங்கித் தர்றேன். எது வேணா தர்றேன். பின்னறை மட்டும் கேட்காத."

நவம்பர் பிறந்ததும் கார்லண்ட் போய்க் கேம்பரை இழுத்து வருவது என்று ஏற்பாடு. இப்போது வண்டியை மட்டம் பண்ணிவிட்டால்? இழுக்க முடியாது. இழுக்க முடியாவிட்டால் கேம்பர் வராது. கேம்பர் வராவிட்டால், சட்டப்படி, டெல்பர்ட்டும் வர மாட்டான். பாவம், யார் மேலும் தப்பில்லை, எல்லாம் ஸ்பிரிங்.

கார்லண்ட் வீட்டுக்குப் பாடிக்கொண்டே ஓட்டினார். ஒரே ஒரு பயம்தான். வெர்னா.

இந்த வெர்னாவைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆள் கார்லண்டின் தோள் உயரம் வர மாட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கண்ணாடியில்கூடப் பார்க்காமல், கடைசி சீட்டில் எந்தப் பையன் யார் பின்னலை இழுக்கப் போகிறான் என்று சொல்வாள். இழுத்த பிறகு சொன்னால் அது பெரிய விஷயமில்லை, இவள் இழுப்பதற்கு முன்னால் சொல்வாள். புயல் சைரன் ஊதுவதற்கு முன்பு எங்கள் ஊரில் பாதிப் பேர், வெர்னா துணியை எடுத்துவிட்டாளா என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கே குரல் தானாகத் தணிந்துவிடும்.

அவள் அடுப்படியில் மாட்டுக்கறி சில்லிக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வெர்னா."

"ம்."

"நம்ம வண்டி முன்பக்கம் கொஞ்சம் தாழ்வா இருக்கிற மாதிரி உனக்குத் தோணலையா?"

"தோணுது."

கார்லண்ட் கொஞ்சம் தடுமாறினார். தோணலை என்றுதான் அவள் சொல்வாள் என்று தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

"ஒரு கிட் இருக்கு. வச்சா மட்டமாயிடும்."

"வச்சுடேன்."

"நானே ஷெட்டுல வச்சு மாட்டிடுவேன்."

"மாட்டிக்கோயேன். யாரு வேணாங்கிறா?"

"நீ ஒண்ணும் சொல்லலையே?"

"ஆம்பளைக்குன்னு ஒரு ஆசை இருக்காதா கண்ணு? இந்தா, உப்புப் பாரு."

அவர் உப்புப் பார்த்தார். சரியாக இருந்தது. வெளியே வந்து வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வழி நெடுக யோசித்து வைத்த நியாயங்கள் எல்லாம் ஒன்றுகூடச் செலவாகாமல் அப்படியே மிச்சம். இவ்வளவு லேசாக ஒரு காரியம் அந்த வீட்டில் நடந்ததே கிடையாது. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பயந்தார், பிறகு சந்தோஷப்பட்டார்.

கிட் பெட்டி வந்து சேர்ந்தது. அடுத்த நாள் விடிந்ததும் ஷெட்டில் வேலை ஆரம்பம்.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். கார்லண்டுக்கு வேலை தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிற ஆள் இல்லை. பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்கார வைத்தார். பிடித்து ஆட்டிப் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். அடித்தவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

வண்டியைத் தினமும் ஓட்டுகிறோம். இவ்வளவு பெரிய கனத்தை, என்ஜினை, நம்மை, நாம் வாங்கிப் போடும் தீவன மூட்டையை எல்லாம் மூச்சுக்காட்டாமல் ஒரு சுருள் கம்பி தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று என்றைக்காவது நினைக்கிறோமா? சேறும் துருவும் ஏறி, ஒரு பாராட்டும் இல்லாமல், இருட்டுக்குள் நின்றது அது. கார்லண்ட் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

பிறகு வேலையில் இறங்கினார். துருப்பிடித்த நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊற வைத்தார். பிரேக் குழாய் இழுபடாமல் கட்டி ஒதுக்கினார். மேலே மூன்று நட்டு, கீழே இரண்டு போல்ட், பக்கத்தில் பால் ஜாயிண்ட் என்கிற உருண்டை மூட்டு. சுத்தியலால் தட்டியதும் ஜாயிண்ட் துப்பாக்கி சுட்ட மாதிரி விடுபட்டது. கார்லண்ட் ஓரடி எகிறினார். ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். அதன் தலையில் வளையத்தை வைத்து இறுக்கினார். எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி நடந்தது.

திரும்ப மாட்டப் போனால் போகவில்லை.

போகாது. இரண்டு விரல் கனம் கூடிவிட்டதே. மேலே நட்டு உட்கார்ந்தால் கீழே போல்ட் ஓட்டை தள்ளி நின்றது. கீழே சேர்த்தால் மேலே விலகியது. கார்லண்ட் தோளால் முட்டினார். முழங்காலால் உதைத்தார். கெஞ்சினார். பாப்டிஸ்ட் சபை மெம்பர் சொல்லக் கூடாத ஒன்றிரண்டு வார்த்தை சொன்னார். போல்ட் அசைந்து கொடுக்கவில்லை.

வெர்னா ஐஸ் டீயோடு வந்தாள்.

"உள்ள போகலையா?"

"போகும். இப்பதான் நெருங்கியிருக்கு."

"எப்போலேர்ந்து நெருங்கிட்டிருக்கு?"

"சாப்பாட்டுக்கு முன்னாடியிலேர்ந்து."

அவள் டீயைக் கீழே வைத்தாள். மூலையில் கிடந்த வேலிக் கடப்பாரையைத் தூக்கி வந்தாள். அதன் நுனியை, சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க்கைக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்தாள். மறுமுனையில், சர்ச் பெஞ்சில் உட்காருவது போல, பாவாடையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"வெர்னா, ஜாக்கிரதை. அது ஸ்பிரிங். வெடிச்சுதுன்னா..."

"வெடிச்சா இன்சூரன்ஸ் இருக்கு. போல்டைத் தள்ளு."

கீழ்க்கை அமுங்கியது. ஓட்டையும் ஓட்டையும் நேருக்கு நேர் வந்தன. போல்ட் வெண்ணெய்க்குள் கத்தி போகிற மாதிரி போனது. கார்லண்ட் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு முழு ஆண்பிள்ளை மல்லுக்கட்டின இடத்தில் இவள் வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன பார்க்கிற? நட்டைப் போடு."

நட்டைப் போட்டார். அடுத்த சக்கரத்துக்கு அவள் கடப்பாரையோடு முதலிலேயே தயாராக இருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் சக்கரங்களை மாட்டி வண்டியைக் கீழே இறக்கி, கொஞ்சம் ஓட்டி, முற்றத்தில் நிறுத்தினார்கள். கார்லண்ட் ரசமட்டத்தைக் கொண்டுவந்து வண்டியின் ஓரப்படியில் வைத்தார். குமிழி அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்து, நடுவில் நின்றது. நின்றே விட்டது.

வண்டி நேராக, அகலமாக, சூரியனை எதிர்த்துப் பார்த்துக்கொண்டு நின்றது. நேற்று வரை இதே வண்டிதானா என்று கார்லண்டுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வெர்னா அவர் கைக்குள் கையைக் கொடுத்துக்கொண்டாள்.

"அழகா இருக்கு கண்ணு."

கார்லண்டுக்கு இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிஷம் நெஞ்சு குறுகுறுத்தது. ஆனால் நாற்காலி ஞாபகம் வந்தது.

"ஒண்ணுதான் வெர்னா. இனிமே இது எதையும் இழுக்கக் கூடாது."

"அப்படியா?" என்றாள் வெர்னா. கண் அகலமாக விரிந்தது. "அப்போ அண்ணனோட கேம்பர்?"

"அதான். எனக்கே இப்பதான் உறைக்குது." கார்லண்ட் இதற்கென்று வைத்திருந்த சோகமான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வெர்னா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அதில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று தேடுகிற பார்வை அது.

"என்ன பண்றது, நடந்தது நடந்துபோச்சு. உள்ள வா, சோள ரொட்டி சூடா இருக்கு" என்றாள்.

அவள் உள்ளே போனதும் கார்லண்ட் ஷெட்டுக்குள் தனியாக ஒரு சுற்று ஆடினார். மாடு ஒன்று பார்த்தது.

அடுத்த நாளே சக்கர அலைன்மெண்ட், ஹெட்லைட் இறக்கம், எல்லாம் ஆயிற்று. சனிக்கிழமை காலை ஓட்டிஸ் கடை வாசலில் கார்லண்டின் வண்டி வரிசைக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. போதகர் வெண்டல் சீட்டி அடித்தார். கார்லண்ட் இறங்கினார். வண்டியோடு சேர்ந்து அவரும் இரண்டு விரல் உயர்ந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

"இப்போ என்ன தேடுது ஓட்டிஸ்?"

"ஒண்ணும் தேடலைப்பா. கிடைச்சுடுச்சு போல" என்றார் ஓட்டிஸ்.

கார்லண்ட் வரிசைக்கு நடுவில் நின்று பேச ஆரம்பித்தார். மட்டம் பண்ணின வண்டியில் டிரெய்லர் மாட்டுவது எவ்வளவு ஆபத்து என்றார். ஸ்டியரிங் கையில் நிற்காது என்றார். குடும்பஸ்தன் செய்கிற காரியமா அது என்று கேட்டார். மட்டம் பண்ணின ஆண்பிள்ளைகள் எல்லாரும் சர்ச்சில் போல "ஆமாம், ஆமாம்" என்றார்கள். அந்த நேரத்தில் வெர்னாவின் சின்னக் கார் வந்து நின்றது. ஜன்னல்கள் எல்லாம் இறக்கி விட்டிருந்தன. வெர்னா கையில் பீக்கன் கொட்டை போட்ட ஒரு கேக்கோடு இறங்கினாள். கேக்கை ஓட்டிஸிடம் கொடுத்தாள்.

"ஓட்டிஸ், நீங்களே சொல்லுங்க. கார்லண்டோட வண்டி இனிமே கேம்பரை இழுக்காதாமே. நிஜமா?"

"சத்தியமா இழுக்கக் கூடாது வெர்னா."

"உங்களுதுல ஏதாவது...?"

எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். "எங்களுதும் மட்டம் பண்ணினதுதான்" என்று ஒருத்தர் முனகினார்.

வெர்னா கைக்குட்டையை எடுத்தாள். போதகர் வெண்டல் காபியைக் கீழே வைத்தார். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல போதகரே. என் அண்ணனுக்கு இடுப்பு உடைஞ்சிருக்கு. குளிர்காலத்துக்கு இங்க கூட்டிட்டு வரலாம்னு இருந்தோம். கேம்பர் வராதுன்னு ஆயிடுச்சு. வீட்டுல வந்து இருன்னா, கார்லண்டுக்குத் தொந்தரவா இருக்கும்னு அவன் தயங்குவான். அப்படித்தானே கார்லண்ட்?"

ஏழெட்டுத் தொப்பிகளும் கார்லண்ட் பக்கம் திரும்பின. போதகர் தொப்பி இல்லாமலே திரும்பினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். "எப்ப வேணா வாங்க, எங்க வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்" என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்வோம். சொல்லாதவன் மனுஷனே இல்லை. அதை நம்பி வந்து நிற்கிறவனும் மனுஷனில்லை. பத்திரமான பேச்சு, யாருக்கும் செலவில்லாதது. கார்லண்ட் மனசுக்குள் கணக்குப் போட்டார். டெல்பர்ட் இருப்பது மூன்று மணி நேரத்துக்கு அப்பால். அவனுக்கு வண்டி கிடையாது. இதைவிடப் பத்திரமாகத் தாராளம் காட்ட இன்னொரு சந்தர்ப்பம் வராது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதென்ன பேச்சு வெர்னா? கேம்பர் என்ன பெரிய கேம்பர். டெல்பர்ட் எனக்குக் கூடப் பிறந்தவன் மாதிரி. என் வீட்டுக் கதவு அவனுக்கு எப்பவும் திறந்தே இருக்கும். என் அறை, என் நாற்காலி, எல்லாம் அவனுதுதான். இன்னைக்கே வந்தாலும் சரி, போய்க் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவேன்."

"ஆமென்" என்றார் போதகர்.

சின்னக் காரின் பின்கதவு திறந்தது. முதலில் ஒரு கைத்தடி வந்தது. அப்புறம் ஒரு நீளமான நாய் வந்தது. அப்புறம், சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த டெல்பர்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தான். கன்னமெல்லாம் கண்ணீர்.

"எல்லாம் கேட்டுச்சு மாப்ள. நீ இப்படி நினைப்பேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் மூக்கைச் சிந்தினார்கள். கார்லண்டுக்கு ஒரு வழியாகக் குரல் வந்தது. "டெல்பர்ட், நீ கேம்பர் இல்லாம கஷ்டப்படக் கூடாது. இப்பவே போய் அந்த வளையத்தைக் கழட்டிடறேன். சாயங்காலத்துக்குள்ள உன் கேம்பரை இழுத்துட்டு வந்துடறேன்."

"எந்தக் கேம்பர்? அதை ஜூலையிலயே வித்தாச்சே. அதுக்கப்புறம் கூட்டாளி வீட்டு சோபாவுலதான் கிடந்தேன். இன்னைக்குக் காலையில அவன்தான் கொண்டாந்து வெர்னாகிட்ட விட்டான்."

"ஜூலையிலயா? ஏன் வித்த?"

"வெர்னாதான் போன் பண்ணினா. மாப்ள வண்டியை மட்டம் பண்ணப் போறார், இனிமே கேம்பரை இழுக்க முடியாது, வித்துடு அண்ணேன்னு."

"ஜூலையில அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லையே."

"அது எனக்குத் தெரியாது மாப்ள. அவ சொன்னா, நான் வித்தேன்."

கார்லண்ட் மெல்லத் திரும்பி ஓட்டிஸைப் பார்த்தார். ஓட்டிஸ் யார் கண்ணையும் பார்க்காமல் கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். "சொன்ன சொல் தவறலை வெர்னா. பீக்கன் நிறையத்தான் போட்டிருக்க" என்றார்.

அன்று மத்தியானம் கார்லண்ட் தன் பின்னறை வாசலில் நின்றார். உள்ளே சாய்வு நாற்காலி முழுசாகச் சாய்ந்திருந்தது. டெல்பர்ட் கெளுத்தி மீனை ஆரம்பித்திருந்தான், முழங்கை நீளத்தில். கர்னல் கம்பளத்தில் நீட்டி நிமிர்ந்து, சிரிக்க வேண்டிய இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வெர்னா அண்ணன் காலுக்குக் கீழே தலையணை வைத்து, போர்வையை இழுத்துவிட்டு, அவன் தலைமயிரை ஒரு தடவை கோதினாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்தக் கண்ணீருக்குக் கைக்குட்டை எதுவும் வெளியே வரவில்லை. கார்லண்டுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. ஜூலையிலிருந்து ஒரு வார்த்தை சிந்தாமல் இவ்வளவு பாரத்தை ஒருத்தி தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்குத் தொப்பியைக் கழற்ற வேண்டும் போல இருந்தது, கழற்றினார்.

அவள் வெளியே வந்தாள்.

"எல்லாம் சரி வெர்னா," என்றார் கார்லண்ட் தணிந்த குரலில். "இனிமே நான் எங்க உக்கார்றது?"

வெர்னா அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள்.

"உனக்கு ஒரு பழைய கேம்பர் பார்க்கலாம் கண்ணு. தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திக்கலாம், அமைதியா இருக்கும். அதை இழுத்துட்டு வரத்தான் நம்மகிட்ட வண்டி இல்ல."